கொரிய நாடகக் காதலர்கள் ஏன் எப்போதும் மொத்தப் பணத்துக்கே அலைகிறார்கள்? (கதை வெளிப்படும், பார்க்காதவர்கள் உள்ளே வராதீர்கள்)

மழைக்குருவி

'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரீன்ஸ்' பற்றி அழுகைப் பதிவுகள் இங்கே போதுமான அளவு வந்துவிட்டன. ஐயூவின் நடிப்பு, பார்க் போ-கமின் பொறுமை எல்லாவற்றையும் பேசித் தீர்த்தாயிற்று. என் கேள்வி பணத்தைப் பற்றியது.

அதில் வரும் ஜெஜு தீவுத் தம்பதி ஏ-சுனும் க்வான்-ஷிக்கும் நாள் முழுக்க உழைக்கிறார்கள். மீன், முட்டைக்கோஸ், கூலிப் படகு என்று எதையும் விடவில்லை. ஆனால் கதை திரும்புகிற இடத்திலெல்லாம் கூலிப் பணத்தால் ஒன்றும் ஆவதில்லை, ஒரு பெரிய தொகைதான் வந்து நிற்கிறது. பாட்டி சேர்த்து வைத்ததை எடுத்துக் கொடுத்ததால் சொந்தப் படகு. மகள் ஜப்பானில் படிக்க வேண்டும், வீடு போகிறது. மகன் வழக்கில் மாட்டுகிறான், படகு போகிறது. 'ரிப்ளை 1988', 'மை மிஸ்டர்', 'ட்வென்டி ஃபைவ் ட்வென்டி ஒன்' எதை எடுத்தாலும் இதே ஓட்டம். எழுதுகிறவர்கள் வசதிக்குச் செய்கிறார்களா, ஊரே அப்படியா?

கணக்குப்புள்ள

ஊர் அப்படித்தான். அங்கே ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் நடுவில் நிற்கிற சுவர் மாதச் சம்பளத்தால் கட்டியதில்லை, முன்பணத்தால் கட்டியது. ஜொன்செ முறை புரிந்தால் பாதி நாடகங்கள் புரிந்துவிடும்.

வீட்டுக்காரரிடம் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியேற வேண்டும். மாத வாடகை கிடையாது. ஒப்பந்தம் முடிந்ததும் தொகை அப்படியே திரும்ப வரும், வட்டி இல்லாமல். தொகை வீட்டு விலையில் பாதிக்கு மேல்; 60, 70 சதவீதம் சர்வ சாதாரணம். 50 கோடி வொன் வீடு என்றால் 30 முதல் 35 கோடி வரை கையில் இருக்க வேண்டும். குறைந்தபட்சக் காலத்தை 1981 சட்டம் 1 வருடம் என்றது, 1989 திருத்தம் 2 வருடமாக்கியது. 2020இல் குடியிருப்பவர் ஒரு முறை நீட்டிக்கக் கேட்கலாம், அப்போது 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வந்தது.

வீட்டுக்காரருக்கு என்ன லாபம்? 1970கள், 80களில் சாதாரண ஆளுக்கு வீடு வாங்க வங்கிக் கடன் கிடைப்பது அபூர்வம், வைப்பு வட்டியோ மிக அதிகம். குடியிருப்பவர் தருகிற தொகைதான் வட்டியில்லாக் கடன். 'ரிப்ளை 1988'இல் கோ ஆட்டக்காரன் தேக்கின் பரிசுப் பணத்தை என்ன செய்வது என்று தெருவே கூடிப் பேசும்போது, வங்கி வட்டி 15 சதவீதமாக இறங்கிவிட்டது என்று சலித்துக்கொள்வார்கள் இல்லையா, அது நையாண்டி இல்லை. அந்தக் கால நிலவரம்.

இந்தத் தொகை திரட்ட முடியாதவர்கள் வொல்செக்குப் போவார்கள்: சின்ன முன்பணம், மேலே மாத வாடகை. ஒப்பந்தத்தின் நடுவே ஜொன்செயை வொல்செயாக மாற்றினால் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு: மத்திய வங்கி அடிப்படை வட்டியோடு 2 சதவீதப் புள்ளி. அடிப்படை வட்டி 2.5 என்றால் 4.5. அதாவது முன்பணத்தில் 10 கோடி வொன்னைக் குறைத்தால் வருடத்துக்கு 45 லட்சம், மாதம் 3,75,000 வொன். ஜொன்செயில் இருப்பவர் அந்த 3,75,000ஐச் சேமிக்கிறார். வொல்செயில் இருப்பவர் அதைக் கொட்டிக்கொண்டே இருக்கிறார். நாடகத்தில் தம்பதி வொல்செயிலிருந்து ஜொன்செக்கு மாறும் காட்சியில் இசை ஏன் அவ்வளவு பொங்குகிறது என்றால் இதனால்தான்.

காதலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மாப்பிள்ளை வீட்டார் வீடு ஏற்பாடு செய்வது, பெண் வீட்டார் வீட்டுச் சாமான் கொண்டுவருவது என்பது அங்கே பழைய வழக்கம். ஜொன்செப் பணம் இல்லாதவன் கல்யாணப் பேச்சையே எடுக்கத் தயங்குவான். 'பிகாஸ் திஸ் இஸ் மை ஃபர்ஸ்ட் லைஃப்' (2017) முழுக்கவே இந்த முடிச்சுதான். 2048 வரை வீட்டுக் கடன் கட்ட வேண்டிய ஒருவன், தலைக்கு மேல் கூரை தேடுகிற ஒருத்தி, வாடகை ஒப்பந்தம் போலவே ஒரு கல்யாணம்.

ராத்திரி_சப்டைட்டில்

அண்ணே, இது நம்ம ஊர் ஒத்தி தானே? லீஸுக்கு வீடுன்னு போர்டு மாட்டுவாங்களே. இதுக்கா இவ்வளவு நீளம்?

கணக்குப்புள்ள

எலும்பு ஒன்று, உடம்பு வேறு தம்பி. நம்ம ஊரில் ஒத்தி ஒரு மூலையில் நடக்கிற ஏற்பாடு. அங்கே வீட்டுச் சந்தையின் தூணே அது. அந்தத் தொகைக்கென்றே வங்கிகள் கடன் தருகின்றன, அரசு சார்ந்த நிறுவனம் உத்தரவாதக் காப்பீடு தருகிறது. அதனால்தான் உடையும்போதும் பெரிதாக உடைகிறது.

எங்கே உடைகிறது என்றால், வீட்டுக்காரர் அந்தப் பணத்தைப் பெட்டியில் வைத்திருப்பதில்லை. அடுத்த வீடு வாங்கியிருப்பார். நீங்கள் காலி செய்யும்போது அடுத்து வருபவர் தரும் தொகைதான் உங்களுக்குத் திரும்பும். விலை இறங்கினால் புதியவர் குறைவாகத் தருவார், மீதிக்கு வீட்டுக்காரர் கையை விரிப்பார்.

ஒரு கணக்கு. சின்ன அடுக்குக் குடியிருப்பில் ஒரு வீடு, மதிப்பு 20 கோடி வொன். ஏற்கெனவே வங்கி அடமானம் 4 கோடி, உங்கள் ஜொன்செ 17 கோடி. கூட்டினால் 21. வீட்டுக்காரர் ஓடிப்போய் வீடு ஏலத்துக்கு வந்து 16 கோடிக்குப் போகிறது. முன்னால் பதிவான வங்கி 4 கோடியை எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு 12. 5 கோடி போச்சு. இந்த மாதிரி வீட்டுக்குக் கொரியர்கள் வைத்திருக்கும் பெயர் 'வெற்று டப்பா ஜொன்செ'. 2022, 23இல் இன்சியோனில் இப்படி மொத்தமாகப் பலர் கவிழ்ந்த பிறகு, 2023 ஜூனில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனிச் சட்டமே போட்டார்கள்.

நாடகத்தில் முகவர் அலுவலகத்தில் ஒரு தாளைப் புரட்டிப் பார்ப்பார்களே, அது சொத்துப் பதிவேட்டு நகல். இணையத்தில் பார்க்க 700 வொன், அச்சுப் பிரதிக்கு 1,000 வொன். விவரம் தெரிந்தவர்கள் மூன்று முறை எடுப்பார்கள்: கையெழுத்துக்கு முன், மீதிப் பணம் கொடுக்கும் நாள் காலையில், குடியேறிய பிறகு. குடியேறிய அன்றே வட்டார அலுவலகத்தில் முகவரி மாற்றம் பதிந்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரை வாங்க வேண்டும். இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. குடியிருப்பவரின் உரிமை மறுநாள் நள்ளிரவு 0 மணிக்குத்தான் பிறக்கும். அடமானமோ பதிந்த அன்றே உயிர்பெறும். மோசடிக்காரன் நீங்கள் சாமான் இறக்குகிற நாளிலேயே வங்கிக்குப் போய்ப் புது அடமானம் போட்டுவிடுவான். அதனால்தான் 'மீதிப் பணம் கட்டிய மறுநாள் வரை புது அடமானம் வைக்க மாட்டேன்' என்று ஒப்பந்தத்திலேயே தனி வரி எழுதச் சொல்கிறார்கள்.

வழக்குரை

மொத்தப் பணத்தின் தேவை இரண்டு வழியில் வரும். ஒன்று வீடு. இன்னொன்று அடுத்தவன் கடன். கொரிய நாடகத்தில் அப்பா குடித்துவிட்டு உளறினால், முக்கால்வாசி நேரம் யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார்.

'ரிப்ளை 1988'இல் கதாநாயகி டொக்-சுன் குடும்பம் பாதி நிலத்துக்குக் கீழே குடியிருக்கிறது. அப்பா வங்கியில் வேலை பார்க்கிறவர், சம்பளத்துக்குக் குறைவில்லை. நண்பனுக்குப் போட்ட ஜாமீன் மாதா மாதம் சம்பளத்தை விழுங்குகிறது. கூட்டு ஜாமீன் என்றால் கடன் கொடுத்தவர் வாங்கியவனிடம் முதலில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நேராக ஜாமீன்தாரர் சம்பளத்தில் கை வைக்கலாம். இந்த வழக்கத்தை வங்கிகள் தனிநபர் கடன்களில் 2008இல் கைவிட்டன, இரண்டாம் நிலை நிதி நிறுவனங்களில் 2013 வரை இழுத்தது. ஆகவே 2020ஐ ஒட்டி நடக்கிற கதையில் வங்கிக் கடனுக்கு நண்பன் ஜாமீன் போட்டு அழிந்தான் என்று காட்டினால் எழுத்தாளர் வீட்டுப்பாடம் செய்யவில்லை. 1988இல் நடக்கிற கதைக்கு அது மிகச் சரி.

அடுத்தது வாரிசுக் கடன். இறந்தவரின் சொத்தோடு கடனும் வாரிசுக்கு வரும். தெரிந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் குடும்ப நீதிமன்றத்தில் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்: வாரிசுரிமையையே துறப்பது, அல்லது கிடைத்த சொத்தின் அளவுக்கு மட்டும் கடன் கட்டுகிறேன் என்று வரம்போடு ஏற்பது. சும்மா இருந்தால் முழுக்கடனையும் ஏற்றதாக அர்த்தம். துறப்பதிலும் ஒரு பொறி உண்டு. முதல் வரிசை துறந்தால் கடன் அடுத்த வரிசைக்கு நகரும், நான்காம் உறவுமுறை வரை. எங்கோ இருக்கிற சித்தப்பா மகனுக்கு திடீரென்று நோட்டீஸ் வரும். அதனால் குடும்பத்தில் ஒருவர் வரம்போடு ஏற்று, மற்றவர்கள் துறப்பதுதான் நடைமுறை.

'மை மிஸ்டர்' (2018) கதாநாயகி ஜி-ஆன் தலையில் இருப்பது அம்மாவின் கடன். சின்னப் பிள்ளைக்கு இந்த 3 மாதக் கெடு எப்படித் தெரியும்? கெடு கடந்துவிட்ட சிறார், பெரியவரான பின் விவரம் தெரிந்து 3 மாதத்துக்குள் வரம்போடு ஏற்கலாம் என்ற திருத்தம் 2022 டிசம்பரில்தான் வந்தது.

அந்த நாடகத்தில் எனக்கு மிகப் பிடித்த 'காதல்' வசனம் ஒரு அரசு நடைமுறைக் குறிப்பு. பாட்டியின் முதியோர் இல்லக் கட்டணம் கட்ட முடியாமல் ஜி-ஆன் அவரை இரவோடு இரவாகத் தள்ளிக்கொண்டு வந்திருப்பாள். அலுவலக மேலதிகாரி டோங்-ஹூன் சொல்வார்: பேத்திக்குப் பராமரிக்கும் சட்டக் கடமை இல்லை, முகவரியைப் பிரி, நீண்டகாலப் பராமரிப்புத் தர நிர்ணயத்துக்கு விண்ணப்பி. அவ்வளவுதான். அரசு உதவிக் கணக்கில் அந்தக் கடமை பெற்றோர், பிள்ளைகள், அவர்களின் கணவன் மனைவியோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஒரே முகவரியில் இருந்தால் பேத்தியின் வருமானமும் குடும்பக் கணக்கில் சேரும், அதனால்தான் பிரிக்கச் சொல்கிறார். ஏழைகளுக்கு அரசு தரும் அடிப்படை வாழ்வுதவி பெறுபவருக்கு இல்லத்தில் தன் பங்குக் கட்டணம் 0, மற்றவர்களுக்குப் பொதுவாக 20 சதவீதம். காதல் என்று சொல்லவே கூடாத அந்த உறவில் அதைவிடக் கனிவான பேச்சு வேறில்லை.

மழைக்குருவி

அப்படியானால் 'ட்வென்டி ஃபைவ் ட்வென்டி ஒன்'இல் கதாநாயகன் யி-ஜினின் தொழில் நொடித்த அப்பா ஏன் விவாகரத்து செய்கிறார்? அப்பா உயிரோடு இருக்கும்போது கடன்காரர்கள் மகனையும் அம்மாவையும் ஏன் துரத்துகிறார்கள்?

வழக்குரை

சட்டப்படி துரத்த முடியாது. கொரியாவில் கணவன் சொத்து தனி, மனைவி சொத்து தனி. அன்றாடக் குடும்பச் செலவுக்கு வாங்கிய கடன் தவிர, கணவன் தொழில் கடனுக்கு மனைவி ஜாமீன் போட்டிருந்தால்தான் பொறுப்பு. வளர்ந்த மகனுக்குப் பொறுப்பே இல்லை. ஆனால் சட்டத்தில் ஒன்று இருப்பது வேறு, வாசலில் நான்கு பேர் வந்து நிற்பது வேறு. கடனாளி அல்லாத உறவினரிடம் போய்க் கேட்கக் கூடாது என்று தனிச் சட்டம் 2009இல்தான் வந்தது. கதை நடப்பது 1998. அப்போது காகிதத்தில் பிரிவதுதான் 'இவர்கள் வேறு குடும்பம்' என்று சொல்ல ஒரே வழி. அதுவும் முழுக் காப்பு இல்லை. விவாகரத்தில் மனைவிக்கு அளவுக்கு மீறிச் சொத்து எழுதினால், கடன்காரர் அதை நீதிமன்றத்தில் உடைக்கலாம்.

கணக்குப்புள்ள

1998இன் பின்னணியையும் சேர்த்துவிடுகிறேன். 1997 நவம்பர் 21 இரவு ஐஎம்எஃப் உதவி கேட்பதாக அரசு அறிவித்தது, டிசம்பர் 3 ஒப்பந்தம். அந்த வருடம் டாலருக்கு 900 வொன்னுக்கும் கீழே இருந்த மாற்று விகிதம் டிசம்பரில் 2,000ஐத் தொடப்போனது. டாலரில் கடன் வாங்கி வொன்னில் சம்பாதித்த நிறுவனத்துக்குத் தூங்கி எழுவதற்குள் கடன் இரட்டிப்பு. நன்றாக ஓடிய நிறுவனங்களும் சேர்ந்து கவிழ்ந்தது அதனால்தான். நாடகத்தில் யி-ஜின் வீட்டில் ஓடிய கார் மறுகாட்சியில் காணாமல் போவது மிகை இல்லை.

கூடவே இன்னொன்று. வட்டிக்கு உச்சவரம்பு வைத்திருந்த சட்டத்தை 1998 ஜனவரியில் ரத்து செய்தார்கள். 2002இல் கடன் தொழில் சட்டம் வந்து 66 சதவீதம் என்று வரம்பு போடும் வரை தனியார் வட்டிக்குத் தளை இல்லை. பிறகு படிப்படியாக இறங்கி 2018இல் 24, 2021 ஜூலையிலிருந்து 20. கந்துவட்டிக்காரன் வருகிற நாடகத்தில் எந்த வருடம் என்று பார்த்தால் அவன் கேட்பது சட்டப்படியா அடாவடியா என்று தெரிந்துவிடும்.

டேன்ஜரீன்ஸில் ஏ-சுனின் மகள் கும்-மியோங் வேலை இழப்பதும் இதே அலையில்தான்.

செங்கல்சூளை

எல்லோரும் முன்பணம் முன்பணம் என்று பாடுகிறீர்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன். கூலி ஏழ்மையும் இருக்கிறது, நாடகம் அதைக் காட்டுகிறது, நாம்தான் பார்ப்பதில்லை. ஜி-ஆன் அலுவலகத்துக் காப்பித் தூள் பொட்டலங்களைத் திருடி இரவு உணவாகக் குடிக்கிறாளே, அது எந்த ஜொன்செ?

பகுதிநேர வேலைக் கணக்கைப் பாருங்கள். வாரம் 15 மணி நேரம் வேலை செய்தால் சம்பளத்தோடு வாரத்தில் ஒரு விடுமுறை நாளுக்கான படி சேரும். 15க்குக் கீழே என்றால் அது கிடையாது, பணி முடிவுத் தொகையும் கிடையாது. 2025 குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வொன். வாரம் 14 மணி நேரம்: 1,40,420. 15 மணி நேரம் என்றால் கூட 3 மணி நேரப் படி சேர்ந்து 18 மணி நேரக் கூலி: 1,80,540. ஒரே ஒரு மணி நேரத்துக்கு முதலாளிக்கு 40,120 வொன் கூடுதல். எந்தக் கடைக்காரன் 15 தருவான்? அதனால்தான் நாடகத்துப் பெண் காலையில் பால் பாக்கெட், மத்தியானம் கஃபே, ராத்திரி கன்வீனியன்ஸ் ஸ்டோர் என்று ஓடுகிறாள். சுறுசுறுப்பான பாத்திரம் என்பதற்காக எழுதியதில்லை, வேலையே துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இரண்டு இடத்தில் 14, 14 பார்த்தால் வாரம் 2,80,840. அதே 28 மணி நேரம் ஒரே இடத்தில் கிடைத்தால் 3,37,008.

கணக்குப்புள்ள

நல்ல கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் அது என் பக்கத்துக்கும் உதவுகிறது. அந்தப் பெண் மாதம் 3 லட்சம் வொன் மிச்சம் பிடித்தாலும், சாதாரண வொல்செ அறைக்கு முன்பணம் 1 கோடி சேர 33 மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் முதலிலிருந்து. கூலி அவளை உயிரோடு வைத்திருக்கும், இடம் மாற்றாது.

செங்கல்சூளை

சரி, இதில் பாதி வெற்றி உங்களுக்கு.

இடம் என்றதும் ஒன்று. மொட்டை மாடி அறையை நாடகங்கள் அநியாயத்துக்கு அழகாக்குகின்றன. மரக் கட்டில், வண்ண விளக்கு, கீழே நகரம், முதல் முத்தம். நிஜத்தில் அது பெரும்பாலும் அனுமதி இல்லாமல் மெல்லிய தகட்டுப் பலகையால் கட்டியது. கோடையில் கான்கிரீட் தளம் பகல் சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கும், குளிர்காலத்தில் குழாய் உறையும். கட்டடப் பேரேட்டில் விதிமீறல் என்று குறித்துவிட்டால் ஜொன்செக் கடனும் காப்பீடும் கிடைப்பது குதிரைக் கொம்பு.

பாதி நிலத்தடி வீட்டில் கழிப்பறை மேடை மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், கவனித்திருப்பீர்கள். தெருச் சாக்கடைக் குழாய் வீட்டுத் தரையை விட உயரத்தில் இருப்பதால், தரை மட்டத்தில் வைத்தால் கழிவு எதிர்த்து வரும். 1970 கட்டடச் சட்டத் திருத்தம் போர்ப் பயத்தில் அடித்தளம் கட்டச் சொன்னது. பிறகு சியோலில் ஜனம் குவிய, அதுவே குடியிருப்பாயிற்று. 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் சியோலின் சில்லிம் பகுதியில் இப்படி ஒரு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள்.

'ரிப்ளை 1988' இதில் நேர்மையானது. கரி அடுப்புப் புகை கசிந்து பெற்றோர் பிள்ளைகளை இழுத்துப் போடுகிற காட்சி, டொக்-சுனை மறந்துவிட்டதற்காகச் சிரிக்கிறோம். தரையைச் சூடாக்க எரிந்த ஒவ்வொரு கரிக்கட்டியும் சுமார் 3.6 கிலோ, ராத்திரியிலும் மாற்ற வேண்டும். தரையில் மயிரிழை விரிசல் விட்டால் கார்பன் மோனாக்ஸைடு அறைக்குள் வரும். முள்ளங்கி ஊறுநீர் குடித்தால் தெளியும் என்பது நாட்டு நம்பிக்கை. உண்மையில் உதவியது வாசலுக்கு வெளியே இருந்த காற்று.

ராத்திரி_சப்டைட்டில்

டேன்ஜரீன்ஸ்ல மகன் உன்-மியோங் கேஸ்ல படகை வித்து சமரசப் பணம் கட்றாங்களே, பணம் கட்டினா கேஸ் அப்படியே முடிஞ்சிடுமா? எல்லா நாடகத்துலயும் போலீஸ் ஸ்டேஷன்ல பேரம் நடக்குது.

வழக்குரை

குற்றத்தைப் பொறுத்தது தம்பி. காயம் இல்லாத அடிதடி, அவதூறு போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர் தண்டனை வேண்டாம் என்றால் வழக்கே நிற்காது. முதல் தீர்ப்புக்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அடி காயமாகி மருத்துவச் சான்று வந்துவிட்டால் கதை வேறு. திருட்டு, மோசடியிலும் சமரசம் வழக்கை முடிக்காது, தண்டனையைக் குறைக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்பது சிறைக்கும் ஒத்திவைத்த தண்டனைக்கும் நடுவில் நிற்கும். எதிர்த்தரப்பு பேசவே மறுத்தால் தொகையை நீதிமன்ற வைப்பில் கட்டிவிட்டு அதைக் காட்டலாம். இதில் தவணை பெரும்பாலும் எடுபடாது. தீர்ப்புக்கு முன்னால் மொத்தமாக வேண்டும். கெடு வைத்த மொத்தப் பணம் என்றால் விற்கக்கூடியது எது என்றுதான் வீடு தேடும். க்வான்-ஷிக் வீட்டில் இருந்தது படகு.

நெய்தல்

படகைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதன் அருமை பலருக்குப் பிடிபடவில்லை. கரையோர மீன்பிடியில் ஆட்களுக்குக் கூலி பங்கு முறையில். எரிபொருள், பனிக்கட்டி, இரைச் செலவை முதலில் கழிப்பார்கள். மிச்சத்தில் படகுக்காரர் பங்கு போக, மற்றதை ஆட்கள் பிரிப்பார்கள். மீன் கிடைக்காத நாளில் ஆளுக்குப் பங்கும் இல்லை. க்வான்-ஷிக் அடுத்தவன் படகில் எத்தனை வருடம் முதுகொடிந்தாலும் மேலே வர முடியாததற்குக் காரணம் முதலாளியின் கெட்ட குணம் மட்டுமில்லை, இந்தப் பிரிவினையும்தான். படகு கைக்கு வந்த நாளில் அவன் உழைப்பு கூடவில்லை. பங்கு கூடியது.

ஏ-சுனின் அம்மா க்வாங்-ரே பக்கம் அதுவும் இல்லை. அவள் ஹேன்யோ, அதாவது மூச்சடக்கிக் கடலில் மூழ்கிப் பிழைக்கும் பெண். ஹேன்யோவுக்கு மூலதனம் என்பது நுரையீரல். மிதவை, வலைப்பை, நத்தையும் சிப்பியும் பெயர்க்க ஒரு இரும்பு, அவ்வளவே ஆயுதம். ரப்பர் உடை 1970களில் வந்தது. க்வாங்-ரே மூழ்குவது பருத்தித் துணியில். குளிர்காலத்தில் சற்று நேரம் மூழ்கிவிட்டுக் கரையில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தே ஆக வேண்டும், ஆகவே நாளின் பெரும்பகுதி வருமானமில்லாதது. தலைவலி மாத்திரை விழுங்காமல் கடலில் இறங்காத ஹேன்யோக்கள் இன்றும் உண்டு. இந்த மூலதனத்தை விற்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. 29 வயதில் அவள் போகும்போது மகளுக்கு மிஞ்சியது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. லிம் சாங்-சுன் எழுத்தில் மூன்று தலைமுறையையும் இப்படிப் பிரிக்கலாம் என்பது என் வாசிப்பு: உடம்பே மூலதனமாக இருந்தவள், படகும் வீடும் மூலதனமாக இருந்தவள், படிப்பு மூலதனமாக ஆனவள்.

பணக்கார வாரிசு வந்து காப்பாற்றாத கதை என்று பாராட்டுகிறோம், சரி. ஆனால் பாட்டியின் சேமிப்பும் வாரிசுப் பணம்தானே? குடிசை வாரிசு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சேமிப்பு இல்லாத ஏ-சுன்கள் ஜெஜுவில் எத்தனை பேர் என்று நாடகம் கேட்பதில்லை. அரிசிப் பானையை வீட்டுக்காரத் தம்பதி ரகசியமாக நிரப்பி வைக்கிற இடத்தில் மட்டும் அந்தக் கேள்வியின் வாசனை வருகிறது.

மழைக்குருவி

நெய்தல், கடைசிப் பத்தியைப் பத்து முறை கேட்டாலும் பதில் சொல்ல முடியாது. ஒரே ஒரு சின்னச் சந்தேகம். முதல் பாகத்தில் சின்ன ஏ-சுன் சொல்கிற தொகைகளும் பின்னால் வருகிற தொகைகளும் ஒத்தே போகவில்லையே?

கணக்குப்புள்ள

1960இல் புழங்கியது ஹ்வான். 1962 ஜூன் 10 முதல் 10 ஹ்வானுக்கு 1 வொன் என்று மாற்றினார்கள். அதற்கு முந்தைய காட்சித் தொகையை 10ஆல் வகுத்துக்கொண்டு பாருங்கள், ஒத்துப்போகும்.